சுடுநீர்த் தொட்டியின் பில்டர் கழுவும் வேலை

கண்டிப் பக்கத்து ஹோட்டல்களில் வேலைக்குச் சேரும் எமது பெண்களுக்கு முதலில் கிடைப்பது கட்டில் விரிப்பும் கழிவறையும்தான். சில மாதம் போனபின், கவனமாகச் செய்கிறாள் என்று கண்டால் நீச்சல் குளத்துப் பக்கம் அனுப்புவார்கள். அங்கே குளத்தை விட அதிகம் வேலை வைப்பது, அதன் ஓரத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும் சிறிய சுடுநீர்த் தொட்டி. ஜக்கூசி என்று சொல்வார்கள். மன்னாரிலிருந்து 2011இல் கண்டிக்கு வந்த நான் அந்தத் தொட்டியின் பில்டரைக் கழுவித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறேன். இந்த வேலையை யாரும் இருத்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஜக்கூசி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குக் குடியேறி, தண்ணீர்ப் பம்பு செய்து பிழைத்த சகோதரர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரின் மகனுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். பிள்ளையின் வலி குறைய, வீட்டுக் குளியல் தொட்டியில் வைத்து நீரைச் சுழற்றக்கூடிய பம்பு ஒன்றைச் செய்தார்கள். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. 1968இல் பம்பும் தொட்டியும் ஒன்றாக இணைந்த வடிவம் வந்தது. நோயாளிப் பிள்ளைக்குச் செய்த சாமான் இப்போது தேனிலவுக்கு வருபவர்களின் சாமான் ஆகிவிட்டது. அது கிடக்கட்டும்.

நான்கைந்து பேர் இறங்கும் தொட்டியில் ஆயிரத்துச் சொச்சம் லீற்றர் தண்ணீர்தான் இருக்கும். அதுவும் 40 பாகை செல்சியஸ் வரை சூடான தண்ணீர். உடம்பின் வியர்வை, கிறீம், தோல் எல்லாம் அதிலே. கண்டியில் இன்னொன்றும் உண்டு. ஆயுர்வேத மசாஜ் முடித்து, நல்லெண்ணெய் வழிய வழிய வந்து தொட்டியில் இறங்குவார்கள். அந்த எண்ணெய் முழுவதையும் பிடித்து வைப்பது பில்டர். அது அடைத்துக்கொண்டால் நீரோட்டம் குறையும். சூட்டில் குளோரினும் விரைவில் தீரும். பிறகு கிருமிக்கு அதை விட நல்ல வீடு கிடையாது.

லீஜியோனெல்லா என்ற கிருமி அப்படிப்பட்டது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முன்னாள் படையினர் கூட்டம் ஒன்றில் பலரைக் கொன்றபின்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். 1999இல் நெதர்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்திருந்த சுடுநீர்த் தொட்டியிலிருந்து பறந்த நீர்த்துளியைச் சுவாசித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். தொட்டியில் இறங்கவேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தால் நடந்து போனாலே போதும். அப்படியானால் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்கும் எங்களுக்கு?

இனி வேலைக்கு வருவோம். முதலில் சுவிட்சை மட்டுமல்ல, பிறேக்கரையும் நிறுத்துங்கள். நீங்கள் கையை விட்டிருக்கும்போது வேறொருவர் வந்து பம்பைப் போட்டுவிடக்கூடாது. பில்டரை வெளியே எடுத்தால் சேலைக் கொய்யகம் போல மடித்து மடித்து வைத்த பொலியெஸ்ரர் துணி தெரியும். ஹோஸ் பைப்பைச் சரிவாகப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடிப்பாகக் கழுவவேண்டும். கார் கழுவும் வேகப் பம்பு, கம்பித் தும்பு இரண்டும் வேண்டாம். துணி பிய்ந்துவிடும். ஆட்கள் அதிகம் வரும் காலத்தில் வாரம் ஒருமுறையாவது இது நடக்கவேண்டும். எங்கள் இடத்தில் அதை விடவும் அடிக்கடி செய்கிறோம்.

எண்ணெய் தண்ணீருக்குப் போகாது. மாதம் ஒருமுறை, பில்டருக்கென்றே விற்கும் எண்ணெய் நீக்கும் திரவத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, நுரை நிற்கும்வரை அலசவேண்டும். கோப்பை கழுவும் திரவத்தில் ஊறவைத்தால் மறுநாள் தொட்டி முழுக்க நுரை பொங்கும். திகனப் பக்கம் டொலமைட் கல் தோண்டும் பூமி. அங்கத்தைய கிணற்று நீரில் கேத்திலின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் படிவு பில்டரிலும் ஏறும். அதைக் கரைக்கத்தான் அசிட். எண்ணெயை நீக்கிய பிறகே அசிட் என்பதை மறக்கவேண்டாம். மாறிச் செய்தால் ஊத்தை துணியோடு இறுகிவிடும். மழையில் மகாவலி கலங்கும் நாட்களில் புதுத் தண்ணீர் நிரப்பியதும் பில்டரை ஒருதரம் எடுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு பில்டர் இருந்தால் ஒன்று காய மற்றதைப் போடலாம். மடிப்புத் தளர்ந்தால், மூடி வெடித்தால் கழுவிப் பயனில்லை. மாற்றச் சொல்லுங்கள்.

அசிட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குளோரின் எங்களுக்குப் புதிதல்ல. முகாமில் தாங்கித் தண்ணீரில் மணத்த அதே குளோரின்தான். அதனாலேயே பலருக்குப் பயம் இல்லை. ஆனால் அது அசிட்டோடு சேர்ந்தால் நச்சுவாயு. நான் முன்னர் வேலை செய்த ஓரிடத்தில் பம்பு அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பிள்ளை, காலையில் குளோரின் கரைத்த வாளியைக் கழுவாமல் அதிலேயே அசிட்டை ஊற்றிவிட்டாள். "அக்கா, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு" என்ற சத்தம்தான் கேட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன். அந்த வாயு காற்றை விடப் பாரமானது. கீழேதான் தங்கும். மேலே, வெளியே வரவேண்டும். கண்ணைக் கால் மணித்தியாலம் ஓடும் தண்ணீரில் கழுவினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன கலந்தது என்று கேட்டபோது ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்கள். பெரிய போத்தலில் இருந்த லேபலும் ஆங்கிலத்தில்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இருமல் பல மாதம் நின்றது. வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளமும் வெட்டினார்கள்.

வெட்டியது சரியல்ல என்று அப்போது எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சேரும்போதே ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தரவேண்டியது 12 வீதம். சேர்விஸ் சார்ஜில் பங்கு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

றப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் மூன்றும் இல்லாமல் அசிட்டைத் தொடவேண்டாம். தண்ணீருக்குள் அசிட்டை ஊற்றுங்கள், அசிட்டுக்குள் தண்ணீரை அல்ல. செல் புகையில் நெஞ்சு கெட்டவர்களும், மூச்சிழுப்பு உள்ளவர்களும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும் இந்தப் பகுதியை வேறொருவரிடம் விடச் சொல்லிக் கேட்கவேண்டும். யாருக்காவது மூச்சு முட்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் அசிட் வாளி சிவப்பு, குளோரின் வாளி நீலம். போத்தல்களில் அழியாத பேனையால் தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதியிருக்கிறேன். சிங்களத்தை எழுதித் தந்தது என்னோடு வேலை செய்யும் குண்டசாலை அக்கா. குளோரின் அளவு 3 பீ.பீ.எம்முக்குக் குறைந்தால் தொட்டியில் ஆளை இறக்குவதில்லை. பில்டர் கழுவிய திகதியைச் சுவரில் தொங்கும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்கிறோம். மனேஜர் மாதக் கடைசியில் அந்தக் கொப்பியைத்தான் முதலில் கேட்பார்.