ஓட்டை தேட ஏன் ஒரு மெய்நிகர் கணினி?

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையோ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையோ கணினியில் கணக்கு வைத்திருந்தால், அதன் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். ‘நம்மை யார் குறிவைக்கப் போகிறார்கள்?’ என்று கேட்கலாம். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் யாரையும் குறிவைக்கவில்லை. 445ஆம் நெட்வொர்க் போர்ட் திறந்திருந்து, திருத்தம் போடாமல் விட்ட விண்டோஸ் கணினிகளைத் தானே தேடிப் புகுந்தது. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் தப்பவில்லை. அந்தத் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதுதான் வேதனை.

எந்தக் கணினியில் எந்தத் திருத்தம் விடுபட்டது என்று காட்டும் கருவி ஓப்பன்வாஸ். 2005இல் நெஸ்ஸஸ் என்ற ஓட்டை தேடும் கருவி தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதன் திறந்த பதிப்பிலிருந்து கிளைத்தது, இலவசம். லினக்ஸில் ஓடுவது என்பதால், இருக்கும் விண்டோஸ் கணினிக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு மெய்நிகர் கணினி அமைத்தால் போதும். அமைப்பில் ஏதாவது கெட்டுப்போனால், சேமித்து வைத்த பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். நெட்வொர்க்கை மட்டும் ‘பிரிட்ஜ்’ முறையில் வைப்பது முக்கியம்: அப்போதுதான் அந்த மெய்நிகர் கணினி தனி முகவரியோடு நின்று மற்ற கணினிகளை நேரடியாகத் தட்டிப் பார்க்கும். இந்தக் கருவி திருடனுக்கும் உதவாதா? உதவும், ஆனால் அவனிடம் இது ஏற்கெனவே இருக்கிறது, கடைக்காரரிடம்தான் இல்லை.