வானம் பார்த்த பூச்சி

ஐப்பசி அடைமழை பிடித்தால் காரைக்கால் அம்பகரத்தூர்ப் பக்கம் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் போட்டவர்களுக்கு வேர் அழுகுமே என்றுதான் கவலை. அதே மழை அசுவினியையும் இலைப்பேனையும் செடியிலிருந்து அடித்துக் கீழே தள்ளுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காசு வாங்காமல் மழை அடித்துவிட்டுப் போகும் மருந்து அது.

பூச்சிக்கு நம்மைப்போலச் சொந்தமாக உடம்புச்சூடு கிடையாது. காற்று சூடாக இருந்தால் அதன் வளர்ச்சியும் ஓர் எல்லைவரை வேகமெடுக்கும். கத்தரிக்காய்த் துளைப்பானின் புழு கோடையில் 12 முதல் 15 நாளில் வளர்ந்து முடித்துவிடும். கடுங்குளிரில் 22 நாள்வரை இழுக்கும். டெல்டாவில் மார்கழிகூடப் பெரிய குளிர் இல்லை என்பதால், இங்கே அதற்கு ஓய்வே இல்லை.

இந்தச் சூட்டுக் கணக்குக்கு வழிகாட்டியவர் ரெயோமூர் என்ற பிரெஞ்சுக்காரர். அன்றாட வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பயிர் எப்போது முற்றும் என்று சொல்லிவிடலாம் என 1735-இல் எழுதினார். பூச்சிகளைப் பற்றி ஆறு தொகுதிகள் எழுதியவரும் அவர்தான். அதே கூட்டல் முறையில்தான் இன்று பூச்சி வரும் நாளையும் கணிக்கிறார்கள்.

மீண்டும் மழைக்கு வருவோம். அசுவினியைப்போல எல்லாப் பூச்சியும் மழைக்குப் பயப்படாது. கத்தரிச் செடியில் நுனி மட்டும் தலைசாய்ந்து வாடியிருந்தால் அதைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே குடைந்த வழியில் எச்சமும், அதன் முனையில் துளைப்பானின் இளஞ்சிவப்புப் புழுவும் இருக்கும். முட்டையிலிருந்து வந்ததுமே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுவதால் மழையும் அதைத் தொடாது, மேலே அடிக்கிற மருந்தும் தொடாது. வாடிய நுனியைக் கிள்ளி அழிப்பதும், ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும்தான் அதற்கு வழி. பாகற்காயில் பழ ஈயோ மழை ஈரம் கண்டால் பெருகும்.

வறண்ட வெயில் வெள்ளை ஈக்குக் கொண்டாட்டம். வெண்டை இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுவதோடு நிற்காமல், மஞ்சள் நரம்புத் தேமல் நோயையும் செடிக்குச் செடி பரப்பும். அப்போது பதறிப்போய் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்துக்கொண்டே இருந்தால், ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்து, ஈ முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும்.

வாரம் ஒருமுறை என்று கிழமை பார்த்து மருந்தடிப்பது, என் கணக்கில், பாதிக்குமேல் வீண்செலவு. நாளை மழை என்றால் இன்று அடிக்காதீர்கள். மழை விட்ட பிறகு பத்துச் செடியிலாவது இலையைப் புரட்டிப் பாருங்கள். என்ன பூச்சி என்று தெரியாவிட்டால், மருந்துக்கடைக்குப் போகுமுன் அந்த இலையைப் பறித்துக்கொண்டு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.