உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டை வடிவமைக்கும் பிள்ளைகள்

குழந்தைகளுக்கான கம்ப்யூட்டர் விளையாட்டைப் பெரும்பாலும் பெரியவர்களே யோசித்து, பெரியவர்களே செய்து முடித்து, கடைசியில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு "நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆலிசன் ட்ரூயின் 1998-ல் தொடங்கிய 'கிட்ஸ்டீம்' குழுவில் முறையே வேறு. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வாரம் இருமுறை ஆய்வகத்துக்கு வந்து, முதல் யோசனையிலிருந்தே ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்வார்கள்.

அங்கே முதல் வேலை நொறுக்குத் தீனி! தின்றுகொண்டே 'இன்றைய கேள்வி'க்குப் பேராசிரியர் உட்பட எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் தரையில் உட்காருவார்கள். பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பேசுவதற்குக் கையுயர்த்தி அனுமதி கேட்கத் தேவையில்லை. இத்தனை செய்தும், ஒருவர் யோசனையின் மேல் இன்னொருவர் தன் யோசனையைக் கட்டும் அளவுக்குப் பழக ஆறு மாதம்கூட ஆகலாம் என்கிறார் ட்ரூயின். ஒரே ஒரு நாள் முகாம் நடத்திவிட்டுக் 'குழந்தைகளைக் கேட்டுத்தான் செய்தோம்' என்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பயன்படுத்துபவர், சோதிப்பவர், தகவல் தருபவர், வடிவமைப்புக் கூட்டாளி. தொழில்நுட்ப உருவாக்கத்தில் குழந்தைக்கு இந்த நான்கு இடங்கள் உண்டு என்று ட்ரூயின் 2002-ல் வகைப்படுத்தினார். கூட்டாளி என்றால் குழந்தை சொன்னதெல்லாம் சட்டம் என்று பொருளல்ல. பெரியவரின் சொல்லுக்கு உள்ள எடை குழந்தையின் சொல்லுக்கும் உண்டு, அவ்வளவுதான். இதன் வேர் தொழிற்சங்கங்களில் இருக்கிறது. 1970-களில் நார்வே, சுவீடன் தொழிலாளர்கள் தங்கள் பணியிடத்துக்குள் நுழையும் கணினியைத் தீர்மானிப்பதில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். அந்த உரிமைதான் பிள்ளைகள் வரை வந்திருக்கிறது.

மறுபடியும் ஆய்வகத்துக்கு வருவோம். களிமண், நூல், பசை, பழைய காலுறை. இவைதான் பல விளையாட்டுகளின் முதல் 'மாடல்'! புரோகிராம் எழுதத் தெரியாத பிள்ளையும் இவற்றை வைத்து, எந்தப் பொத்தான் எங்கே வரும், அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று செய்தே காட்டிவிடும்.

ஒரு பிள்ளை வரைந்ததன்மேல் இன்னொரு பிள்ளை கிறுக்கினால் சண்டை வராதா? வரும். அதற்குத்தான் ஓஎச்பி ஷீட் என்னும் ஒளி ஊடுருவும் தாள். முதல் படத்தின்மேல் அதை விரித்து, அடுத்த குழு தன் யோசனையை அதில் வரையும். பிடிக்கவில்லை என்றால் ஷீட்டை எடுத்துவிடலாம். அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும்.

விளையாட்டை உருவாக்கியபடியே கணக்குக் கற்ற வகுப்பு ஒன்று உண்டு. பாஸ்டன் நகரின் அரசுப் பள்ளி ஒன்றில், 4-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரிடம் ஆய்வாளர் யாஸ்மின் கஃபாய் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்: 3-ஆம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்குப் பின்னங்களைக் கற்றுத்தரும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை நீங்களே செய்யுங்கள்! லோகோ மொழியில் புரோகிராம் எழுதி, ஏறத்தாழ ஆறு மாதம் உழைத்தார்கள். கால் என்பதையும் அரை என்பதையும் திரையில் எப்படிக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது, பின்னம் அவர்களுக்கே நன்றாகப் பிடிபட்டது. பையன்களின் விளையாட்டுகள் பெரும்பாலும் மாய உலகங்களில் நடந்தன. தப்பாகப் பதில் சொன்னால் கடுமையான தண்டனை கிடைக்கும். பெண்பிள்ளைகள் பனிச்சறுக்கு மலை, வகுப்பறை போன்ற தெரிந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் வன்முறை அநேகமாக இல்லை. 1995-ல் இந்த வகுப்பின் அனுபவம் புத்தகமாக வந்தது. விளையாட்டுச் சந்தைக்குப் பொருள் செய்பவர்களில் பெண்கள் எத்தனை குறைவு என்று நினைக்கும்போது, இந்த வகுப்பறை எனக்கு மிக முக்கியமானதாகத் தெரிகிறது.

"எவ்வளவு பிடித்தது?" என்று கேட்டு, அழுமூஞ்சியிலிருந்து சிரித்த முகம் வரை ஐந்து படங்களை நீட்டினால், சின்னப் பிள்ளைகள் அநேகமாக எப்போதும் பெரிய சிரிப்பையே தொடுகிறார்கள். இங்கிலாந்தில் ஆய்வாளர் ஜேனட் ரீடும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டு, கூடவே வேறொரு கேள்வியையும் வைத்தார்கள்: "மறுபடியும் விளையாடுவாயா? ஆமாம், பார்க்கலாம், மாட்டேன்?" மரியாதைக்காகச் சிரித்த முகத்தைத் தொட்ட பிள்ளையும் இங்கே உண்மையைச் சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

பெரியவர் முன்னால் யோசனை சொல்லிப் பழகாத பிள்ளைகளை என்ன செய்வது? நம் ஊர் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விதான் இது. 2007-ல் வெளியான சீன ஆய்வொன்றில், பாதி வரைந்த காமிக்ஸ் பக்கத்தைப் பிள்ளைகளிடம் நீட்டி, மீதியில் தங்கள் யோசனையைச் சொல்லச் சொன்னார்கள். வெற்றுத்தாளைக் கண்டால் திகைக்கும் பிள்ளைக்கும், தொடங்கிய கதையை முடிக்கத் தயக்கம் இருக்காது.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், மின்னணுப் பள்ளிப்பை ஒன்றை வடிவமைக்க வேண்டியிருந்தது. 'பையில் என்ன வேண்டும்?' என்று நேரடியாகக் கேட்டால், டீச்சருக்குப் பிடித்த பதில்தான் வரும். அதனால் ஆய்வாளர்கள் 2005-ல், 'செவ்வாய்க் கிரகவாசி ஒருவர் உங்கள் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்' என்று ஒரு கதை கட்டினார்கள். அவருக்குத்தான் பூமியில் பள்ளி என்றால் என்னவென்றே தெரியாதே! பிள்ளைகள் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார்கள்.