கடற்கொள்ளையர் யாவர்?

சாரல் பொழிந்து குற்றாலத்து அருவிகள் ஆர்க்கும் ஆனி ஆடித் திங்கள்களில், மலைக்கு மேற்கே மலையாளக் கரையிற் கடல் கொந்தளித்து எழும். நமக்கு இன்பந் தரும் அப்பருவக்காற்றே, பண்டு அக்கடலில் வணிகர்க்கும் கொள்ளையர்க்கும் ஒருங்கே ஓய்வு அளித்தது. தென்காசியினின்று ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லத்தை அடையும் நாம், அக்கடலின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று.

முசிறியை அடுத்துக் கொள்ளையர் உளர் என்று முதல் நூற்றாண்டிலேயே உரோம ஆசிரியர் பிளினி எச்சரித்தார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அவர்தம் முறையை விரித்துரைத்தார். ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட கலங்கள், மனைவி மக்களோடு புறப்படும். இருபது முப்பது கலங்கள் இடைவிட்டு அணிவகுத்து நிற்கும். வணிகக் கப்பலைக் கண்டதும் ஒன்று மற்றொன்றிற்குத் தீயாலும் புகையாலும் குறிகாட்டும். இது கொள்ளை என்பதில் ஐயமில்லை.

ஆயின், 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கியபின் வழக்கு மாறிற்று. போர்த்துக்கீசியர் தம் அனுமதிச் சீட்டின்றிச் செல்லும் கலங்களைக் கைப்பற்றலாயினர். 1502-இல் காமாவே யாத்திரிகர் நிறைந்த கப்பலொன்றைத் தீக்கிரையாக்கினார். கோழிக்கோட்டை ஆண்ட சாமூத்திரி மரபினர், குஞ்சாலி மரைக்காயர் என்னும் பட்டமுடைய கடற்படைத் தலைவரைக் கொண்டு அவரை எதிர்த்தனர். துடுப்பு வலிக்கும் சிறு படகுகள் பெருங்கப்பல் புகவொண்ணாக் கழிமுகங்களில் மறைந்திருந்து பாய்ந்தன. 1538-இல் நம் இராமநாதபுரக் கரையின் வேதாளையிலும் மரைக்காயர் படை பொருது தோற்றது. இவர்களைப் போர்த்துக்கீசியர் கொள்ளையர் என்றே எழுதினர்.

நான்காம் குஞ்சாலி தம் அரசருக்கே அடங்காதவராக, சாமூத்திரி போர்த்துக்கீசியரோடு கூடி 1600-இல் அவர்தம் கோட்டையை வீழ்த்தினார். உயிர்க்கு ஊறில்லை என்ற உறுதிமொழியை நம்பிச் சரணடைந்தவரைப் போர்த்துக்கீசியர் பற்றிச் சென்று, கோவாவில் தலை துணித்தனர். பாய்களிற் சிலுவைக்குறி தாங்கிய கப்பலினர் செய்த செயல் இது. கிறிஸ்தவராகிய நாம் இதனை மறைத்தல் தகாது.

பிற்காலத்தில் இந்தியக் கடற்படை தன் நிலையமொன்றிற்குக் குஞ்சாலியின் பெயரையே சூட்டியது. ஒருவர்க்குக் கொள்ளையன், மற்றொருவர்க்கு வீரன். எனினும் எல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது என்று அமைதல் ஆகாது. சீட்டைக் காட்டிப் பறிப்பினும் வாளைக் காட்டிப் பறிப்பினும் பறிப்பு பறிப்பே. கொடியை நோக்காது செயலை நோக்கின், கொள்ளையர் யாவர் என்பது தானே விளங்கும்.