ஊருக்கெல்லாம் வைஃபை! செலவு யார் தலையில்?

ஊர் நடுவே ஒரு பொதுக்கிணறு. யார் வேண்டுமானாலும் வாளி போட்டுத் தண்ணீர் எடுக்கலாம். தெரு முனையில் ஒரு விளக்கு. அதன் வெளிச்சத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

அதைப்போல, ஊர் முழுவதற்கும் பொதுவாக இன்டர்நெட் கொடுத்தால் என்ன?

நல்ல யோசனைதான். ஏழை வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கலாம். வேலை தேடுகிறவர் வீட்டில் இருந்தே மனுப் போடலாம். மாதா மாதம் பெரிய தொகை கட்ட முடியாத குடும்பமும் பயன் அடையலாம்.

அமெரிக்க நகரங்கள் பல இதை 20 ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்தன. சில ஊர்கள் கையைச் சுட்டுக்கொண்டன. சில ஊர்கள் சமாளித்தன. அந்தக் கதை, இப்படி ஒரு திட்டத்தை நினைக்கும் எந்த ஊருக்கும் பாடம்.

மேயரின் திட்டம்

பிலடெல்பியா, அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று. ஏறக்குறைய 15 லட்சம் மக்கள் வாழும் ஊர். பரப்பு 135 சதுர மைல்.

2004-ம் ஆண்டில் அங்கே மேயராக இருந்தவர் ஜான் ஸ்ட்ரீட். நகரம் முழுவதும் வைஃபை கொடுக்கப் போவதாக அவர் அறிவித்தார்.

வைஃபை என்பது, கம்பி இல்லாமல் ரேடியோ அலை மூலம் இன்டர்நெட் தருவது. தெரு விளக்குக் கம்பங்களில் சிறு பெட்டிகளை மாட்டுவார்கள். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் செய்தியைக் கைமாற்றும். வீதியெல்லாம் தோண்டிக் கம்பி புதைக்க வேண்டியது இல்லை. ஆகவே செலவு குறைவு என்று நினைத்தார்கள்.

நகரசபை பணம் போடவில்லை. "எர்த்லிங்க்" என்ற கம்பெனி தன் சொந்தச் செலவில் கட்ட முன்வந்தது. மாதக் கட்டணம் சுமார் 20 டாலர். ஏழைக் குடும்பங்களுக்குச் சுமார் 10 டாலர்.

நகரத்துக்குச் செலவு இல்லை. மக்களுக்கு மலிவான இன்டர்நெட். கம்பெனிக்கு வியாபாரம். மூன்று பேருக்கும் லாபம் என்றே எல்லோரும் நம்பினார்கள்.

சுவர் தடுத்தது!

பெட்டிகளை மாட்டத் தொடங்கிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது.

வைஃபை அலை வெகுதூரம் போகாது. செங்கல் சுவரும் மர இலைகளும் அதைத் தடுக்கும். தெருவில் நின்றால் இன்டர்நெட் கிடைத்தது. வீட்டுக்குள் போனால் கிடைக்கவில்லை! ஒரு சதுர மைலுக்கு இத்தனை பெட்டி போதும் என்று முதலில் போட்ட கணக்கு பொய்த்தது. மேலும் மேலும் பெட்டிகள் தேவைப்பட்டன. செலவு ஏறியது.

வீட்டுக்குள்ளும் ஒரு கருவி வைத்தால்தான் அலை சரியாக எட்டும் என்ற நிலை வந்தது. அதற்குள் டெலிபோன் கம்பெனிகள் கம்பி வழி இன்டர்நெட்டை மலிவு விலைக்குக் கொடுக்கத் தொடங்கின. ஜனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சந்தாதாரர்கள் சேரவில்லை.

2008-ம் ஆண்டில் கம்பெனி கைகழுவிவிட்டது. உள்ளூர் முதலீட்டாளர்கள் சிலர் அதை எடுத்து நடத்திப் பார்த்தார்கள். 2009-ம் ஆண்டு முடிவில், அந்த அமைப்பை 20 லட்சம் டாலருக்கு வாங்கப் போவதாக நகரசபை அறிவித்தது. நகரசபையின் சொந்த வேலைகளுக்கு அது பயன்படும் என்று சொன்னார்கள்.

"செலவே இல்லை" என்று தொடங்கிய திட்டம் கடைசியில் வரிப்பணத்தில்தான் வந்து நின்றது. ஏழை வீடுகளுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை.

பாலம் இடிந்த நாள்

மின்னியாபொலிஸ் நகரம் வேறு வழியில் போனது. அங்கேயும் ஒரு தனியார் கம்பெனிதான் வைஃபை அமைத்தது. ஆனால் நகரசபை சும்மா இருக்கவில்லை. தானே முதல் வாடிக்கைக்காரர் ஆனது. ஆண்டுக்கு 12½ லட்சம் டாலர் வீதம் 10 ஆண்டுகளுக்குப் பணம் தர ஒப்பந்தம் செய்தது. கம்பெனிக்கு நிச்சயமான வருமானம் இருந்தது.

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி மாலை. அந்த நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த பெரிய பாலம் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயன்றதால் செல்போன்கள் திணறின.

அப்போது வைஃபை அமைப்பு முழுவதும் முடியவில்லை. இருந்தாலும் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மீட்பு வேலைக்கு அது பெரிதும் உதவியது.

பணம் யார் கொடுப்பது என்று அந்த ஊர் முதலிலேயே தீர்மானித்திருந்தது. ஆகவே ஆபத்து வந்த நேரத்தில் அது கைகொடுத்தது.

பெயர் என்ன? முகவரி என்ன?

பணத்தைப் பற்றிய கேள்வி இத்துடன் சரி. இன்னொரு கேள்வி இருக்கிறது.

பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுப்பவரின் பெயரை யாரும் நோட்டில் எழுதுவது இல்லை. வைஃபை அப்படி அல்ல. எந்தக் கருவி, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வந்தது என்பதை அது குறித்து வைக்க முடியும்.

நியூயார்க் நகரில் 2016-ம் ஆண்டு ஜனவரியில், பழைய டெலிபோன் கூண்டுகளுக்குப் பதிலாக உயரமான புதிய கம்பங்களை நிறுத்தினார்கள். வைஃபை இலவசம். உள்நாட்டுக்குள் போன் பேசுவதும் இலவசம். கம்பத்தின் இரு பக்கமும் விளம்பரம். செலவை விளம்பரக்காரர்கள் ஏற்றார்கள்.

ஆனால், சேருகிறவர்கள் ஈமெயில் முகவரி கொடுக்க வேண்டும். கம்பத்திலே காமிராவும் இருந்தது. இந்த விவரங்களை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், போலீசுக்குக் கொடுப்பீர்களா என்று நியூயார்க் சிவில் உரிமைச் சங்கம் மேயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டது.

அதற்குப் பலன் கிடைத்தது. 2017-ம் ஆண்டில் விதிகளைத் திருத்தினார்கள். ஜனங்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்பதைச் சேர்த்து வைப்பதில்லை என்றும், வழக்கு விசாரணை போன்ற காரணம் இருந்தால் தவிர, காமிராப் படங்களை 7 நாட்களுக்கு மேல் வைப்பதில்லை என்றும் சொன்னார்கள். கேட்டதனால் கிடைத்தது!

குப்பைத்தொட்டி உளவாளி

லண்டனில் நடந்தது இதைவிட விசித்திரம். 2013-ம் ஆண்டில், நடைபாதை ஓரத்துக் குப்பைத்தொட்டிகள் சிலவற்றில் ஒரு கம்பெனி கருவி பொருத்தியது. வைஃபை போட்டிருக்கும் செல்போன் ஒவ்வொன்றும் தனக்கு உரிய எண்ணை அலையில் வீசிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைத் தொட்டிகள் பிடித்துக் குறித்துக்கொண்டன. ஆளுக்கே தெரியாமல் ஆள் கணக்கு!

விஷயம் வெளியே வந்ததும், அந்த ஆகஸ்டு மாதமே நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. இப்போது வரும் செல்போன்கள் அந்த எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. அது ஒரு பாதுகாப்பு. ஆனால் நாமே பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு என்ன செய்யும்?

போலிப் பெயர் ஆபத்தும் உண்டு. பொது வைஃபையின் பெயரையே வைத்து, மோசடிக்காரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் வலையை விரிக்கலாம். ஆகவே பொது வைஃபையில் செய்தி படிக்கலாம், பாடம் படிக்கலாம். பாங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பது நல்லது. ரகசிய எண்ணைக் கேட்டால் கொடுக்கவே கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

வைஃபை வேண்டாம் என்பது இந்தக் கதையின் பாடம் அல்ல. மின்னியாபொலிஸ் மக்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கிணறு வெட்ட ஒரு செலவு. அதைத் தூர் வார ஆண்டுதோறும் ஒரு செலவு. முதல் செலவை மட்டும் பார்த்த ஊர் ஏமாந்தது. இரண்டையும் பார்த்த ஊருக்கு அது உதவியது.

ஆகவே, "ஊருக்கெல்லாம் வைஃபை" என்று யாராவது மேடையில் அறிவித்தால், கைதட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கட்டும் செலவு யாருடையது? பத்து ஆண்டு பராமரிப்புச் செலவு யாருடையது? எங்களைப் பற்றி என்னென்ன குறிப்பீர்கள்? அதை எப்போது அழிப்பீர்கள்?

நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால், தாராளமாகக் கைதட்டலாம்.