அலுவலகத்தில் சென்ற கடிதம் முகாமில் நிற்பதேன்?

கள ஊழியர் ஒருவரின் மடிக்கணினியிலிருந்து, அவர் அலுவலகத்தில் இருக்கும்வரை, மின்னஞ்சல்கள் தடையின்றிச் செல்கின்றன. அதே கணினியைத் தொலைவிலுள்ள முகாமுக்கு எடுத்துச் சென்று மழையளவு அறிக்கையை அனுப்ப முற்பட்டால், அது ‘அவுட்பாக்ஸ்’ பெட்டியிலேயே தேங்கிவிடுகிறது. வரவேண்டிய கடிதங்களோ ஒழுங்காக வந்துகொண்டிருக்கின்றன. கடவுச்சொல் சரியாக இருப்பதால்தானே அவை வருகின்றன என்று எண்ணி, அவர் இணையத் தொடர்பின்மீது பழியைச் சுமத்துகிறார். மதிப்பெண் பட்டியலை வீட்டிலிருந்து அனுப்ப முயலும் ஆசிரியருக்கும் இவ்வாறு நேர்வதுண்டு.

மின்னஞ்சலில் வரவுக்கு ஒரு வழி, போக்குக்கு வேறொரு வழி என்பது பலர் அறியாத செய்தி. கடிதங்களைப் பெறும் வழி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்ட பின்னரே திறக்கும். அனுப்பும் முறையாகிய எஸ்.எம்.டி.பி.யை 1982-ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் வகுத்தபோது, அனுப்புவோர் யாரென்று வினவும் ஏற்பாடு அதில் இடம்பெறவில்லை. தெருக்கோடித் தபால் பெட்டியில் எவரும் கடிதம் போடலாமன்றோ? அதுபோன்ற நிலையே இங்கும் இருந்தது. அன்று வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகளே. ஆகையால் தீங்கு தோன்றவில்லை. பின்னர், விளம்பரக் குப்பைகளை அனுப்புவோர் பிறருடைய சர்வர்களின் வழியே அவற்றை இலட்சக்கணக்கில் தள்ளத் தொடங்கினர். இதனைத் தடுக்கும் முயற்சிகளுள் ஒன்றாக, அனுப்புவோரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை 1999-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 2007-இல் அது திருத்தியமைக்கப்பட்டது.

எனினும், தன் கட்டடத்துக்குள்ளிருந்து வரும் கணினிகளைச் சோதனையின்றி நம்பும் அலுவலக சர்வர்கள் உள்ளன. முகாமிலிருந்து வரும் ஊழியர் அச்சர்வருக்கு அந்நியரே. சொந்த அலுவலக முகவரிக்கு அவர் அனுப்பும் கடிதத்தைச் சில சமயம் அது ஏற்றுக்கொள்ளும். வெளியாருக்கு அனுப்ப மறுத்துவிடும். அடையாளம் காட்டுமாறு கணினிக்குக் கட்டளையிடுவதே இதற்குப் பரிகாரம்.

தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் மென்பொருளில், கணக்கு அமைப்புகளின் இறுதியில் ‘அவுட்கோயிங் சர்வர்’ என்ற தனிப்பகுதி உண்டு. அவுட்லுக்கின் பழைய வடிவங்களில், வெளிச்செல்லும் சர்வருக்கு அடையாளச் சோதனை தேவை என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். ‘போர்ட்’ எண்ணும் முக்கியமானது. 25 என்பது சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு உரியது; பல இணைய நிறுவனங்கள் சாதாரணச் சந்தாதாரர்களுக்கு அதனை அடைத்துவைத்துள்ளன. தனி மனிதர் அனுப்புவதற்கு உரியவை 587, 465 ஆகியவை. முன்னதற்கு ‘ஸ்டார்ட் டி.எல்.எஸ்.’, பின்னதற்கு ‘டி.எல்.எஸ்.’ என்னும் மறைகாப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறைகாப்பு இன்றேல், கடவுச்சொல் எழுத்து மாற்றிய வடிவில் செல்லும். இடைமறிப்பவர் அதனை நொடியில் பழைய வடிவுக்குக் கொணர்ந்துவிடலாம். மறைகாப்பு இருக்குமானால், தண்டர்பேர்டில் ‘நார்மல் பாஸ்வேர்ட்’ என்று காணப்படும் முறையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஜிமெயிலில் தனிநபர் கணக்கு வைத்திருப்போருக்கு இது பொருந்தாது. அந்நிறுவனம் 2022-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலிருந்து, பிற அஞ்சல் மென்பொருள்களில் வழக்கமான கடவுச்சொல்லை ஏற்பதைக் கைவிட்டது. அவர்கள் ‘ஓ-ஆத் 2’ என்னும் முறையைத் தேர்ந்தெடுத்தால், கூகுளின் நுழைவுப் பக்கமே திரையில் தோன்றி அனுமதி கேட்கும்.

கடிதம் மறுக்கப்படும்போது திரையில் வரும் எண்ணைப் படிக்காமல் மூடிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். ஆனால் 530 என்பது அடையாளம் காட்டப்படவில்லை எனவும், 535 என்பது காட்டிய அடையாளம் ஏற்கப்படவில்லை எனவும் பொருள்படும். 535 வந்தால், பயனர் பெயராக முழு முகவரியைத் தந்து பார்ப்பது நலம். 550 என்பதற்குக் காரணங்கள் பல. அதனுடன் ‘ரிலேயிங்’ என்னும் சொல் காணப்பட்டால், அடையாளச் சோதனைக்குரிய அமைப்பையே முதலில் நோக்க வேண்டும்.

அமைப்பை மாற்றியபின் அலுவலகத்திலிருந்தே சக ஊழியருக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பதால் எதுவும் தெளிவாகாது. முகாமுக்குப் புறப்படுமுன், கைப்பேசியின் இணையத் தொடர்பைப் பயன்படுத்தி, வேறொரு நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும்.