மீனும் அமீனும்

வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய மீனை அரிந்து கழுவிச் சட்டியில் இட்டபின், இல்லத்தரசியார் முதலில் தேடுவது தேசிக்காய்ப் பாதியையே. அதனைக் கைகளில் தேய்த்ததும் வெடுக்கு நாற்றம் அடங்கிவிடுகின்றது. சவர்க்காரம் மட்டும் இட்டுக் கழுவினால் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. இது ஏன் என்று அறிய, அமீன்கள் என்னும் சேதனச் சேர்வைகளின் இயல்பைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

அமோனியா என்பது ஒரு நைதரசன் அணுவும் அதனைப் பற்றி நிற்கும் மூன்று ஐதரசன் அணுக்களும் ஆகும். அவ்வைதரசன்களுள் ஒன்றை நீக்கி அவ்விடத்திற் காபன் கொண்ட கூட்டமொன்றை அமர்த்தினால் முதல் அமீன் பிறக்கின்றது. இரண்டை மாற்றினால் வழி அமீன். மூன்றையும் மாற்றினால் புடை அமீன். 1849ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர் வூர்ட்சு மெதைல் அமீனை ஆக்கியபோது, அதன் மணம் அமோனியாவையே ஒத்திருந்தது. ஆயினும் அவ்வாயு காற்றில் தீப்பற்றி எரிந்தது. அமோனியா அவ்வாறு எரிவதன்று.

அமோனியாவுக்கும் அமீனுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. நைதரசனிடத்தே எந்த அணுவுடனும் பங்கிடப்படாத இலத்திரன் சோடி ஒன்று எஞ்சி நிற்கின்றது. அமிலம் அருகே வந்தால், அதிலுள்ள ஐதரசன் அயனை இச்சோடி பற்றிக்கொள்ளும். அமீன் உப்பாக மாறும். இவ்வாறு அமிலத்தை ஏற்பதனாலேயே அமீன்களை மூலங்கள் என்கின்றோம். உப்பு நீரிற் கரையும், ஆவியாகிப் பறவாது. ஆவியாகாத பொருளை மூக்கு அறிவதெங்ஙனம்?

இனி மீனுக்கு வருவோம். கடல் மீனின் உடலில் மணமற்ற திரைமெதைல் அமீன் ஒட்சைட்டு என்னும் பொருள் உண்டு. மீன் இறந்தபின் பற்றீரியாக்கள் அதிலிருந்து ஒட்சிசனைப் பறித்துவிடுகின்றன. எஞ்சுவது திரைமெதைல் அமீன். ஏறக்குறைய 3 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் இப்பொருள், கொழும்பு வெயிலிற் சும்மா இருக்குமா? தேசிக்காயின் அமிலம் அதனை உப்பாக்கிக் கட்டிப்போடுகின்றது. சவர்க்காரமோ காரத்தன்மையுடையது, கட்டுண்ட அமீனையும் அவிழ்த்துவிடும். கொட்டாஞ்சேனை வீட்டுக் குழம்பிற் கரைக்கும் பழப்புளியும், தென்பகுதிச் சிங்கள மக்கள் அம்புல் தியலுக்கு இடும் கொறகாப் புளியும் இவ்வேலையையே செய்கின்றன. இரசாயன நூல் எழுதப்படுவதற்கு முன்பே அடுப்படியில் இது கண்டறியப்பட்டிருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தேசிக்காயை நம்பி ஏமாறக்கூடிய இடமும் ஒன்றுண்டு; இன்று சிறப்பாகச் சொல்ல வந்ததும் அதுவே. சூரை போன்ற மீன்களின் தசையில் இசுத்திடீன் என்னும் அமினோ அமிலம் மிகுதி. மீன் குளிரின்றிக் கிடக்குமானால், சில பற்றீரியாக்கள் அதிலிருந்து காபனீரொட்சைட்டை நீக்கி ஹிஸ்டமின் என்னும் அமீனை ஆக்குகின்றன. இது மூக்குக்கு எட்டும் பொருளன்று. புளி இட்டால் இதுவும் உப்பாகும். ஆனால் அவ்வுப்பு கறியோடு வயிற்றுக்குட் சென்று தன் வேலையைச் செய்தே தீரும். கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும், தகரத்தில் அடைத்தாலும், பின்னர் உறையவைத்தாலும் அழியாது.

இத்தகைய மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துள் முகம் சிவந்து, தலை வலித்து, உடலில் தடிப்பும் அரிப்பும் தோன்றலாம். பலர் இதனை ஒவ்வாமை என்றெண்ணி, அதன்பின் மீனையே விலக்கிவிடுகின்றனர். குற்றம் மீனினத்தினுடையதன்று, அது குளிரின்றிக் கிடந்த நேரத்தினுடையது. ஹிஸ்டமினுக்கு எதிரான மருந்துகளால் இது பெரும்பாலும் தணியும். மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பல நாட் கடலில் நிற்கும் படகுகள் பனிக்கட்டி ஏற்றிச் செல்வதன் பொருள் இப்போது விளங்கும். ஏறக்குறைய 4 பாகைக்குக் கீழே இப்பற்றீரியாக்களின் வேலை பெரிதும் தளர்ந்துவிடும். ஆதலாற் சூரை வாங்குவோர் செவுளின் நிறத்தை மட்டும் பாராது, மீன் பனிக்கட்டியிற் கிடக்கின்றதா, வெறும் பலகையிற் கிடக்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். சந்தையில் மற்றவற்றை வாங்கி முடித்தபின் மீனை வாங்குவது நன்று.

கொறகாவுக்கும் இதில் ஒரு பங்குண்டு. புதிய மீனில் உடனே தடவினால், அதன் அமிலம் பற்றீரியாக்களைத் தடுத்து ஹிஸ்டமின் உண்டாவதைக் குறைக்கும். காலை முதல் வெயிலிற் கிடந்த சூரைக்கு மாலையில் எவ்வளவு புளி இட்டாலும், உண்டான ஹிஸ்டமின் உண்டானதே.